இடது கட்டைவிரலுக்கு எது முதலில்: டிராப்பரா, லாக் அவுட்டா?

கேட்ட தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்கும் புரியட்டும். அவர் மலேசியாவின் ஜொகூரில், ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறார். முன் ஃபோர்க்கில் மட்டும் அதிர்வு வாங்கும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் வைத்திருக்கிறார். முன்னால் பெடலோடு சுற்றும் பல்வட்டம், அதாவது செயின்ரிங், மூன்று; பின்னால் எட்டுப் பல்சக்கரம். ஃபோர்க்கின் தலையில் அதை அமுங்காமல் பூட்டும் லாக் அவுட் திருகு இருக்கிறது. அதை ஹேண்டில்பாரிலிருந்தே இயக்க ஒரு ரிமோட்டும், ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் சீட் கம்பியான டிராப்பர் போஸ்ட்டும் அதற்கொரு ரிமோட்டும் போட ஆசை. இரண்டும் ஒன்றாக நிற்குமா, நம் மழைக்கும் செம்மண்ணுக்கும் தாங்குமா, எந்த பிராண்டு வாங்கலாம் என்று கேட்கிறார். பிராண்டுதான் கடைசியில் வந்தாலும் பதில் எழுதுபவர்கள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் உண்மையில் கேட்பது, இடது கைப்பிடி அருகே இருக்கிற கொஞ்ச இடத்தையும் கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் எதற்குக் கொடுப்பது என்பதுதான். குளுவாங்கில் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் என் பதில்: டிராப்பருக்குக் கொடுங்கள். லாக் அவுட் ரிமோட் உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

லாக் அவுட் என்பது பெரும்பாலும் ஃபோர்க்குக்குள் எண்ணெய் ஓடும் வழியை அடைப்பது. எண்ணெய் ஓடாவிட்டால் ஃபோர்க் அமுங்காது. நின்றுகொண்டு மிதித்து ஏறும்போது உங்கள் எடை ஃபோர்க்கை அமுக்கி வீணாகாமல் இருக்க இது உதவும். தார்ச்சாலையில் இது நிச்சயம் பயன்படும். ஆனால் டவுனிலிருந்து தோட்ட வாசல்வரை தார் ரோட்டில் வருகிறீர்கள் என்றால், கிளம்பும்போது ஒருமுறை கையை நீட்டித் திருகுகிறீர்கள், மண்சாலை வந்ததும் திரும்பத் திறக்கிறீர்கள். அவ்வளவுதான் வேலை. அதற்கு ஹேண்டில்பாரில் தனி லிவர் எதற்கு? செம்பனைத் தோட்டத்துக்குள் போனபிறகு ஏற்றமே ஆனாலும் ஃபோர்க்கைத் திறந்து வைப்பதுதான் நல்லது. சரளையும் லோரி போன பள்ளத் தடமும் உள்ள செம்மண் ஏற்றத்தில் பூட்டிய ஃபோர்க் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும், முன்சக்கரம் பிடிமானத்தை விடும்.

கிராஸ் கன்ட்ரி பந்தயக்காரர்கள் கதை வேறு. ஒரே சுற்றுக்குள் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும், ஒவ்வொரு நொடிக்கும் கணக்கு உண்டு. முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், பின் ஷாக்கின் திருகைக் குனிந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. ஸ்காட் நிறுவனத்தின் ட்வின்லாக் லிவர் அப்படிப்பட்டவர்களுக்கானது: ஒரே லிவரில் முன்னும் பின்னும் சேர்ந்து மூன்று நிலைகளில் மாறும். ஃபாக்ஸ் லைவ் வால்வ், ராக்‌ஷாக்ஸ் ஃபிளைட் அட்டெண்டன்ட் போன்றவை இன்னும் ஒரு படி மேலே போய், ரோட்டின் அதிர்வைச் சென்சாரால் உணர்ந்து தாமாகவே திறந்து மூடுகின்றன. நீங்கள் பந்தயத்துக்குப் போகிறவர் என்றால் நான் மேலே சொன்னதைத் தள்ளிவிடலாம். கேள்வியைப் படித்தவரை அப்படித் தெரியவில்லை.

டிராப்பர் அப்படி இல்லை, அதை நிமிடத்துக்கு நிமிடம் தொடுவீர்கள். மிதிப்பதற்குச் சரியான உயரத்தில் சீட் இருந்தால், இறக்கத்தில் அதே சீட் உங்கள் இடுப்புக்குக் கீழே முட்டுக்கட்டையாக நிற்கும். உடம்பைத் தாழ்த்தவும் முடியாது, வண்டியைச் சாய்க்கவும் முடியாது. படிக்கட்டு வெட்டிய மேட்டுச் செம்பனைக் காட்டில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு இறங்கும்போது இது நன்றாகத் தெரியும். திருப்பத்தில் குலை ஏற்றிய டிராக்டர் எதிரே வந்தால், சட்டென்று கால் ஊன்ற வேண்டும். சீட் கீழே இருந்தால் ஊன்றலாம், மேலே இருந்தால் மட்டைக் குவியல் மேல்தான் விழ வேண்டும். இது மலை உச்சியிலிருந்து குதிக்கிறவர்களுக்கான சாமான் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2022 மார்ச்சில் இத்தாலியின் மிலான்-சான்ரெமோ தார்ச்சாலைப் பந்தயத்தில் ஸ்லோவேனிய வீரர் மாதேய் மொஹோரிச் சாதாரண ரோட் பைக்கில் டிராப்பர் போட்டுக்கொண்டு வந்து, கடைசிக் குன்றான போஜியோவின் இறக்கத்தில் எல்லாரையும் விட்டுப் பிரிந்து ஜெயித்தார். தார்ச்சாலை இறக்கத்திலேயே பயன் இருக்கும்போது நம் மண் இறக்கத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், உங்கள் ஃபோர்க்கில் ரிமோட் மாட்டவே முடியாமல் போகலாம். தலையில் திருகு இருக்கிறதே, அதில் ஒரு கேபிளைக் கட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ரிமோட்டுக்கென்று செய்த ஃபோர்க்கில் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். கேபிள் ஒரு பக்கம் இழுக்கும், விட்டதும் அந்த ஸ்பிரிங் திருப்பிக் கொண்டுவரும். கையால் திருகும் வகையில் அந்த ஸ்பிரிங் கிடையாது. இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும். விலை குறைந்த வண்டிகளில் அதிகம் வருவது எஸ்ஆர் சன்டூர் ஃபோர்க். அதன் காலில் ஒட்டியிருக்கும் பெயரைப் பாருங்கள். ஆர்எல் என்று முடிந்தால் ரிமோட் வகை. ஹெச்எல்ஓ, எம்எல்ஓ என்று முடிந்தால் கையால் திருகுவது. உங்கள் மாடலுக்குப் பொருந்தும் ரிமோட் கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைத்தால் உள்ளிருப்பதைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அந்தச் செலவுக்கு அந்த ஃபோர்க் தகுதியானதா என்பது தனிக் கேள்வி. ராக்‌ஷாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர்கள் ரிமோட்டுகளிலேயே கேபிளை 10 மிமீ இழுப்பதும் உண்டு, 17 மிமீ இழுப்பதும் உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டினால் பாதிதான் பூட்டும், அல்லது பாதிதான் திறக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று: கேபிள் அறுந்தால் ஃபோர்க் எந்த நிலையில் நிற்கும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இழுத்தால் பூட்டும் வகை, கேபிள் போனால் திறந்துகொள்ளும். வீடு வந்து சேரலாம். இழுத்தால் திறக்கும் வகை பூட்டியபடியே நின்றுவிடும். டிராப்பரில் கேபிள் அறுந்தால் சீட் இருக்கிற உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான். மேலே இருக்கும்போது அறுந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது இடப் பிரச்சினைக்கு வருவோம். உங்கள் இடது பக்கத்தில் ஏற்கெனவே முன் கியரை மாற்றும் லிவரான ஷிஃப்டர் உட்கார்ந்திருக்கிறது. நல்ல டிராப்பர் லிவர் எல்லாமே ஷிஃப்டர் இருக்கும் அதே இடத்துக்கு, அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே, கட்டைவிரல் இயல்பாக அமுக்கும் இடத்துக்குச் செய்யப்பட்டவை. ஷிமானோவின் எஸ்எல்-எம்டி500 அப்படிப்பட்டதுதான். இரண்டும் ஒரே இடத்தில் நிற்காது. பாருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் சிறிய லிவர்களும் கிடைக்கின்றன, அவை ஷிஃப்டரோடு ஒத்துப்போகும். ஆனால் அதைத் தொடக் கட்டைவிரலைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மேலே கொண்டுபோக வேண்டும். சமதரையில் சும்மா தோன்றும். இறக்கம் ஆரம்பிக்கிற அந்த நொடியில் பிடியைத் தளர்த்த மனம் வராது. கடைசியில் லிவர் இருக்கும், டிராப்பர் இருக்கும், சீட் மட்டும் மேலேயே இருக்கும். அப்படி வருகிற வண்டிகளைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் என் யோசனை, முன்னால் உள்ள மூன்று செயின்ரிங்கை ஒன்றாக்குங்கள். இடது ஷிஃப்டரும், செயினை ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் முன் டெரெய்லரும் போய்விடும், இடம் தானாகக் கிடைக்கும். செயின் விழாமல் பிடிக்க, ஒரு பல் அகலமாகவும் அடுத்தது ஒல்லியாகவும் மாறி மாறி வரும் செயின்ரிங் போட வேண்டும். இழந்த சின்னக் கியரை ஈடுகட்டப் பின்னால் பெரிய கேசட், அதாவது பெரிய பல்சக்கரத் தொகுதி வேண்டும். மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் அட்வென்ட் வரிசையில் 9 கியரில் 11-42 பல் கிடைக்கிறது, நம் மேடுகளுக்கு அது தாராளம். குளுவாங்கை ஒட்டிய குனோங் லம்பாக் மலையே 510 மீட்டர்தான், அதில் மேல்பாதி சைக்கிளுக்கான வழியும் இல்லை. ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. மலிவான எட்டுக் கியர் வண்டிகளில் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கேசட்டுக்குப் பதிலாக மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் இருக்கலாம். அப்படியென்றால் புதுக் கேசட் ஏறாது, ஹப்பையோ சக்கரத்தையோ மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரத்தின் நடுப்பகுதியைப் பார்த்தால் தெரியும்: கடைசிச் சின்னப் பல்லை ஒட்டிப் பூட்டு வளையம் ஒன்று தனியாக இருந்தால் கேசட். படம் எடுத்துப் போட்டால் நான் சொல்கிறேன்.

கழற்றிய இடது ஷிஃப்டரையே டிராப்பர் லிவராகப் பயன்படுத்தலாம் என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். முடியும், ஆனால் லிவரைப் படிப்படியாக நிறுத்தி வைக்கும் உள்பல்லை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் லிவர் அமுங்கிய நிலையிலேயே நிற்கும். நீங்கள் உட்கார உட்கார சீட் இறங்கிக்கொண்டே போகும். பொழுதுபோக்காகச் செய்யலாம். லிவரின் விலை போஸ்ட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

போஸ்ட் வாங்கும் முன் மூன்று அளவு தேவை. இப்போதுள்ள சீட் கம்பியை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், 27.2, 30.9, 31.6 என்று ஏதாவது ஒன்று இருக்கும். 31.6 குழாயில் 30.9 போஸ்ட்டை மெல்லிய உறை வைத்துப் போடலாம், எதிர்மாறாக முடியாது. அடுத்தது, மிதிக்கச் சரியான உயரத்தில் சீட் இருக்கும்போது, ஃபிரேமின் சீட் கிளாம்ப்பிலிருந்து சீட்டின் அடிக்கம்பிவரை எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். 180 மிமீ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 மிமீ இறங்கும் போஸ்ட்டுக்கு அந்த 150 போக, கழுத்தும் தலையும் சேர்த்து இன்னும் நாற்பது, ஐம்பது மிமீ வேண்டும். ஆகவே அது இடிக்கும். 125 மிமீ வாங்க வேண்டும். மூன்றாவது, ஃபிரேமின் சீட் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் நேராக இருக்கிறது என்பது. பாட்டில் கூட்டின் ஸ்குரூ உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் போஸ்ட் அதில் முட்டும். அதோடு, ஃபிரேமில் கேபிள் உள்ளே போக ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வெளியே கேபிள் வரும் வகையைத்தான் வாங்க வேண்டும். டிரில் எடுத்து ஓட்டை போடாதீர்கள்.

லிவரும் போஸ்ட்டும் வேறு வேறு கம்பெனி ஆனாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒரு விஷயத்தைத் தவிர. கேபிளின் ஒரு முனையில் உள்ள குமிழ் சில போஸ்ட்களில் லிவர் பக்கம் உட்காரும், சிலவற்றில் போஸ்ட்டின் அடிப்பக்கம் உட்காரும். குமிழ் போஸ்ட் பக்கம் என்றால், லிவரில் கேபிளை நெருக்கிப் பிடிக்கும் திருகு இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் குமிழ் வைத்து மாட்ட முடியாது. கிளாம்ப்பைப் பொறுத்தவரை, கைப்பிடிப் பகுதியில் மவுண்டன் பைக் பார் எல்லாமே 22.2 மிமீ, அதனால் தனிக் கிளாம்ப்போடு வரும் லிவரை வாங்கினால் தலைவலி இல்லை. பிரேக் லிவரோடு சேர்த்துப் பூட்டும் ஐ-ஸ்பெக், மேட்ச்மேக்கர் வகைகள் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனி பிரேக்குக்குத்தான். கிளாம்ப்பை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்காதீர்கள். விழுந்தால் லிவர் பாரைச் சுற்றித் திரும்ப வேண்டும்; திரும்பாவிட்டால் முறியும்.

இனி மழையும் செம்மண்ணும். லிவர் கெட்டுப்போய் வரும் வண்டி எனக்கு அபூர்வம். கேபிள் கெட்டுத்தான் வரும், அதிலும் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். டிராப்பருக்குக் கியர் கேபிளின் மேலுறையான கியர் அவுட்டர்தான் போட வேண்டும்: 4 மிமீ தடிமன், உள்ளே ஓடும் கம்பி 1.1 அல்லது 1.2 மிமீ. பிரேக் அவுட்டரைப் போட்டுவிட்டு லிவர் கனமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவுட்டரை வெட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. மொட்டைக் குறடால் வெட்டினால் வாய் நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் மூடிக்கொள்ளும், சன்னக் கம்பிகள் ஒன்றிரண்டு வெளியே துருத்தும். கேபிள் கட்டரால் வெட்டி, முனையை அரத்தில் தட்டையாக்கி, கோணி ஊசியை நுழைத்து உட்குழாயின் வாயை வட்டமாகத் திறந்துவிட வேண்டும். பிறகு வெறும் கேபிளை உள்ளே விட்டு இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். எங்காவது சொரசொரத்தால் லிவரில் அதைப் பத்து மடங்காக உணர்வீர்கள். அப்புறம் தொப்பி போட்டு மூடுங்கள், ரப்பர் அடைப்பு உள்ள தொப்பி என்றால் இன்னும் நல்லது.

ஃபிரேமுக்குள் ஓடும் அவுட்டர், பெடல் அச்சுக்குப் பக்கத்தில் தாழ்ந்து மறுபடி சீட் குழாய்க்குள் ஏறும். தண்ணீர் போய்த் தேங்குவது அந்தத் தாழ்விடத்தில். துருப்பிடிக்காத கம்பியே போட்டாலும், கரைந்த செம்மண் அங்கே பசைபோல் பிடித்துக்கொள்ளும். அதற்கு எண்ணெய் ஊற்றுவது தீர்வல்ல. எண்ணெய் மண்ணை இன்னும் இழுக்கும். மழைக்காலம் முடிந்ததும் உள்கம்பியையும் அவுட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இருப்பதிலேயே மலிவான பராமரிப்பு அதுதான். கார் கழுவும் கடையில் கொடுத்துப் பீய்ச்சி அடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த வேகத்தில் போஸ்ட்டின் கழுத்து ரப்பரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும். ஈரத்துணியால் துடைத்து, கழுத்தில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். நிறுத்தி வைக்கும்போது சீட்டை மேலே ஏற்றி வையுங்கள். இறக்கிய நிலையில் சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கவும் வேண்டாம். எண்ணெய் உள்ள சில போஸ்ட்களில் அது காற்றை எண்ணெய்க்குள் இழுத்துவிடும்.

கேபிள் இல்லாத வகைகளையும் கேட்பீர்கள். 2010-இல் வந்த ராக்‌ஷாக்ஸ் ரிவெர்ப் எண்ணெய்க் குழாயில் இயங்கியது. அமுக்க மெத்தென்று இருக்கும், குழாயில் காற்று புகுந்தால் அதை வெளியேற்றிப் பிளீட் செய்ய வேண்டும். தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. 2019-இல் அதே ரிவெர்ப் ஏஎக்ஸ்எஸ் என்ற பெயரில் வயரே இல்லாமல் வந்தது. லிவருக்குள் சிஆர்2032 பட்டன் பேட்டரி, போஸ்ட்டில் சார்ஜ் செய்யும் பேட்டரி. கேபிளும் இல்லை, அதில் தேங்கும் சேறும் இல்லை என்பதால் நம் ஊருக்கு ஒரு வகையில் பொருத்தமானது. என் பட்டறைக்கு வந்தவை சில மட்டுமே, அவற்றில் புகார் இல்லை. சிலதை வைத்து ஐந்தாறு வருஷத்துக்குத் தாங்கும் என்று உங்களுக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். விலையைப் பார்த்தால், உங்கள் வண்டி மொத்தத்தையும்விட அது அதிகமாக இருக்கலாம்.

மாட்டியபின் சீட் மெதுவாக ஏறினால் உடனே ரிமோட்டைத் திட்டாதீர்கள். முதலில் சீட் கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் போஸ்ட் உள்ளே நெரிபட்டு ஏறத் திணறும். ஐந்தாறு நியூட்டன் மீட்டர் போதும், சரியான அளவு போஸ்ட்டோடு வரும் தாளில் இருக்கும். அப்படியும் சரியாகாவிட்டால், போஸ்ட்டை உருவிக் கேபிளைக் கழற்றி, அடியில் உள்ள விசையை விரலால் அமுக்குங்கள். விரலுக்கு நன்றாக வேலை செய்தால் குற்றம் கேபிளில். செய்யாவிட்டால் உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜில். லிவரைத் தொடாமலே சீட் தானாக இறங்கினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது; லிவருக்குப் பக்கத்திலுள்ள திருகு மணியை உள்ளே சுற்றி, லிவர் முனையில் ஒன்றிரண்டு மிமீ தொய்வு வரும்வரை விடுங்கள்.

ஆக, செலவு செய்யும் வரிசை: முதலில் பின் ஹப்பைப் பார்த்து, முன்னால் ஒரே செயின்ரிங், அடுத்து சாதாரணக் கேபிள் டிராப்பரும் பாருக்குக் கீழே நிற்கும் லிவரும். ஃபோர்க்கைத் தலையில் இருக்கும் திருகோடு விட்டுவிடுங்கள். பணம் மிஞ்சினால் நல்ல டயர் வாங்கலாம். தோட்டச் சாலை தனியார் நிலம், ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுங்கள். குலை வெட்டும் நாளில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஆபீஸ் எழுத்தரான கிராணியே சொல்லிவிடுவார். சீட் கம்பியின் அடியில் உள்ள எண், பின்சக்கரப் பல்லின் நடுப்பகுதி, இடது கைப்பிடி, இந்த மூன்றையும் படம் எடுத்து இதே கேள்விக்குக் கீழே போடுங்கள். அதற்கு முன்னால் எதற்கும் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.